ஒத்துப்போகாதவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? (சேலம், அம்மாப்பேட்டை)

தார்க்குச்சி (அம்மாப்பேட்டை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். அப்பா இன்னமும் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். அண்ணன் விசைத்தறி போட்டிருக்கிறார். பெரியப்பா மகன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் உத்தமசோழபுரம் தாண்டி, திருமணிமுத்தாற்றை ஒட்டி. அவர்களுக்கு விவசாயம்தான். உள்ளூர்க்காரர்களுக்கு இவ்வளவு சொன்னாலே எங்கள் வீட்டுச் சண்டை என்னவென்று புரிந்திருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சில ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யவேண்டும் என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. முதலில் 22 ரகம் இருந்தது, பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றையும் விசைத்தறிக்காரர்கள் விட்டுவைப்பதில்லை என்பது அப்பாவின் கோபம். நாள்கணக்கில் குழியில் கால் வைத்து நெய்ததற்குப் பக்கத்திலேயே, பார்த்தால் வித்தியாசம் தெரியாத இன்னொரு வேட்டியைப் பாதி விலைக்கு விற்றால் அவருக்கு வயிறு எரியாதா? அண்ணனைக் கேட்டால், “கைத்தறிக் கூலியை வைத்து இரண்டு பிள்ளைகளைக் காலேஜ் அனுப்பிக் காட்டச் சொல்லு, நான் நாளைக்கே தறியை எடைக்குப் போட்டுவிடுகிறேன்” என்பார். தங்கை வீட்டுக்காரர் கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் நிறம் மாறி வருகிறது. தென்னைகூடக் காய்ப்பதில்லை. அதற்குப் பெரியப்பா மகன் சொல்லும் பதில்: “நான் ஒருத்தனா விடுகிறேன்? சுத்திகரிப்பு நிலையம் ஒண்டியாளாக வைக்கிற செலவா அது? 2011-ல் கோர்ட் உத்தரவு வந்து திருப்பூரில் பட்டறைகளை மூடினார்களே, அந்த மாதிரி இங்கேயும் மூடிவிட்டால் உங்கள் நூலுக்கு யார் சாயம் போடுவார்கள்?”

நான் ஒரு கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். நெசவுக் கூலி, நூல் விலை, சாயக்கூலி மூன்றும் என் கை வழியாகத்தான் போகின்றன. அதனால் நான்கு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழுவதே இல்லை.

முன்பெல்லாம் சத்தம் போட்டுக்கொள்வார்கள், பிறகு சாப்பிடுவார்கள். இப்போது சத்தமும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆற்று நுரையை யாரோ படம் எடுத்துப் போட, பெரியப்பா மகன் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினார். அதிலிருந்து தீபாவளி முறுக்கும் பொங்கல் கரும்பும் பிள்ளைகள் கையில்தான் வீட்டுக்கு வீடு போகின்றன. பெரியவர்கள் யாரும் யார் வாசலையும் மிதிப்பதில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவர் இருக்கும்போதே இது சரியாகவேண்டும் என்று தவிக்கிறேன்.

ஆடித் திருவிழா வருகிறது. வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) பார்க்க எப்படியும் எல்லோரும் அம்மாப்பேட்டைக்கு வந்துவிடுவார்கள். அதற்கு மறுநாள் மதியம் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடலாம் என்று இருக்கிறேன். கூப்பிட்டால் வருவார்கள், அந்த மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது. வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சண்டைப் பேச்சை எடுக்கவிடாமல் தடுத்து, சிரித்துச் சாப்பிட்டு அனுப்பிவிடுவதா? அப்படி அனுப்பினால் மறுபடி அடுத்த ஆடி வரைக்கும் மௌனம்தானே? இல்லை, நானே பேச்சை எடுத்துக்கொடுப்பதா? யார் வீட்டில் வைப்பது? அப்பா வீட்டில் வைத்தால் “கைத்தறிக் கட்சி கூட்டிய கூட்டம்” என்று ஆகிவிடும். இந்த மாதிரி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பந்திவிசாரிப்பு (குகை):

தங்கச்சி, நான் கல்யாண வீடுகளில் பந்தி பார்க்கிறவன். இலை போடுவதிலிருந்து எடுப்பது வரை என் பொறுப்பு. பங்காளிச் சண்டை, சம்பந்திச் சண்டை எல்லாம் எதிரில் நின்று பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

எதிரும் புதிருமாக உட்காரவைக்காதீர்கள். மேஜை போட்டு இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர் என்று வைத்தால் அது பஞ்சாயத்து. தரையில் பந்திப்பாய் விரித்து ஒரே வரிசையாக இலை போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசும்போது கண் இலையில் இருக்கும், கை சோற்றில் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாத பேச்சுகூட அப்போது வந்துவிடும். இது நான் கண்ணால் கண்டது.

இரண்டாவது, பரிமாற ஆள் வைக்காதீர்கள். உங்கள் அண்ணன் கையில் குழம்பு வாளியைக் கொடுங்கள். சாயப்பட்டறைக்காரர் சோறு போடட்டும். குனிந்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டே ஆகவேண்டும். “போதும்” என்றாவது பதில் சொல்லியே ஆகவேண்டும். பேச்சு நின்றுபோன இரண்டு பேருக்கு அந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும் பெரிய விஷயம். விவசாயி மாப்பிள்ளைக்குச் சாயப்பட்டறைக்காரர் கையால் சாதம் விழும்படி வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் ஏற்பாடு செய்ததாக யாருக்கும் தெரியவேண்டாம்.

பேச்சை எடுப்பதா என்று கேட்டீர்கள். பருப்பு, குழம்பு போகும்வரை வேண்டாம். பசியில் இருப்பவனிடம் நியாயம் பேசக்கூடாது. ரசத்துக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், பாயசம் பாக்கி இருக்கும். எழுந்துபோகவும் மாட்டார்கள். அந்த இடத்தில் உங்கள் அப்பாவையே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். குற்றம் சொல்கிற வார்த்தையாக இல்லாமல், “கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது மாப்பிள்ளை?” என்பது போதும்.

கறி வேண்டாம். ஆடியில் காப்புக் கட்டியவர்கள், விரதம் இருப்பவர்கள் ஒதுங்கிப்போவார்கள். ஒருவர் ஒதுங்கினாலும் பந்தி இரண்டாகிவிடும்.

---

மரவள்ளி (ஆத்தூர் பக்கம்):

நான் மரவள்ளிக் கிழங்கு போடுகிறவன். எங்கள் சண்டை சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்களோடு. கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் பாயிண்ட்டை வைத்துத்தான். மழை பெய்த கிழங்கில் சத்து இல்லை என்று அவர்கள் குறைப்பார்கள், பாயிண்ட் பார்ப்பதிலேயே கோளாறு என்று நாங்கள் சொல்வோம். இதற்கு முத்தரப்புக் கூட்டம் என்று ஒன்று உண்டு. விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் மூன்று பேரும் ஒரே ஹாலில் உட்காருவோம். டீ, பிஸ்கட் வரும். அங்கே நாங்கள் எங்கள் மனுவைப் படிப்போம், அவர்கள் அவர்களுடைய கணக்கைப் படிப்பார்கள். ஒரே இடத்தில்தான் டீ குடிக்கிறோம், ஆனால் பேச்சு என்று எதுவும் நடப்பதில்லை. அதனால் சேர்ந்து உட்கார்ந்தாலே நெருக்கம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள் அக்கா. மேலே இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் எல்லோரும் அவருக்குத்தான் பேசுவார்கள்.

பேச்சு நடந்தது வேறு இடத்தில். ஒரு அறுவடைச் சமயம் லாரிகள் வரிசையில் நின்றுவிட்டன. ஆலையில் கரண்டும் இல்லை. மதியம் ஆகிவிட்டது. நாங்கள் தூக்கில் கொண்டுபோன ராகிக் களியையும் கீரைக் கடைசலையும் எடைமேடைப் பக்கத்து நிழலில் பிரித்தோம். ஆலை முதலாளி தன் கேரியரை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். “களி கொஞ்சம் கொடுங்கள், வீட்டில் சர்க்கரை வந்த பிறகும் யாரும் கிண்டித் தரமாட்டேன் என்கிறார்கள்” என்றார். அப்படியே பேச்சு வளர்ந்தது. மக்காச்சோள மாவைக் கலந்து மலிவாக விற்கிறவர்களோடு போட்டி போடமுடியாமல் அவர் படும் பாட்டை அன்றைக்குத்தான் கேட்டேன். வடக்கே அனுப்பிய ஜவ்வரிசிக்குப் பணம் வர எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் சொன்னார். நானும் சொன்னேன்: பத்து மாதம் கிழங்கை மண்ணில் வைத்திருக்கிறோம், மாவுப்பூச்சி விழுந்தால் யாரிடம் போவோம் என்று.

அதற்குப் பிறகு விலை ஏறியதா என்றால், இல்லை. அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஆனால் பாயிண்ட் பார்க்கும்போது எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று அவராகவே ஒரு பழக்கம் வைத்தார். சண்டையில் பாதி அந்தச் சந்தேகத்தால் வந்ததுதான்.

உங்கள் வீட்டிலும் அந்த மாதிரி பார்க்காத இடம் எது என்று யோசியுங்கள். உங்கள் தங்கை வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குள் போயிருக்கிறாரா? பட்டறைக்காரர் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறாரா?

---

கூலித்தறி:

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குடும்பத்துக்குள் நான்கு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது பக்கம் ஒன்று உண்டு. உங்கள் அண்ணன் தறியை ஓட்டுகிறவர்கள், சாயத்தொட்டியில் கையை விட்டு நூலை முக்கி எடுக்கிறவர்கள். என் அப்பா இருபது வயதிலிருந்து அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டினார். முதலாளி வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்கும் சாப்பாடு உண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பின்பக்கம். சில வீடுகளில் தண்ணீர் டம்ளரும் வேறு. சேர்ந்து சாப்பிட்டால் மனது சேரும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே அந்தப் பின்பக்கத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. சாப்பாடு மனிதர்களைச் சேர்க்கும், உண்மைதான். யாரைச் சேர்க்கவேண்டாம் என்று பிரித்து வைத்ததும் இதே சாப்பாடுதான்.

இன்னொன்று. சமைப்பது யார்? நீங்களும் உங்கள் அண்ணியும் தங்கையும் அடுப்படியில் நின்றால், தங்கையின் கிணற்றைப் பற்றித் தங்கை இல்லாமலே பேசுவார்கள். தண்ணீர் இறைத்துத் துணி துவைக்கிறவர் அவர்தானே? அவர் வரிசையில் உட்காரவேண்டாமா?

கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் உண்மையாகக் கேட்டதால் உண்மையாகச் சொல்கிறேன்.

---

தார்க்குச்சி:

கூலித்தறி அண்ணா, உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அண்ணன் தறியில் ஓட்டுகிற ஐந்து குடும்பங்களும் பட்டறையில் வேலை செய்கிறவர்களும் வருகிறார்கள். சண்டையை விளக்கும்போது அவர்களைப் பற்றி நான் எழுதவில்லை, ஆனால் கூப்பிடப்போகிறவர்களில் முதலிலிருந்தே இருக்கிறார்கள். ஒரே பந்தி, ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்பதே இருக்காது. தறிக்கூடத்தில் அத்தனை பேருக்கும் இடம் காணும். இதில் அப்பாவுக்கு ஒரு தயக்கமும் இல்லை. இரண்டு பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும், அவர்களிடம் முன்கூட்டியே போய் நேரில் சொல்லிவிடுவேன். சம்மதம் இல்லாவிட்டால் அவர்கள் வராமல் இருக்கட்டும். வரிசை மாறாது.

சமையலைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. சாதம், குழம்புக்கு ஆள் வைத்துவிடுகிறேன். காய் நறுக்குவதை மட்டும் முதல்நாள் சாயங்காலம் ஆண்கள் உட்பட எல்லோரும் சேர்ந்து செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

---

பழைய சேலத்தான்:

கூலித்தறி சொன்ன விஷயத்துக்கு இந்த ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சம்பந்தப்பட்ட வரலாறு உண்டு. 1924-25 வாக்கில் திருநெல்வேலிப் பக்கம் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்கள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். காங்கிரஸ் பணமும் போன இடம் அது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். வரதராஜுலு பிறந்தது ராசிபுரத்தில், அன்றைக்கு அது சேலம் ஜில்லா. இரண்டு பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். தமிழ்நாட்டு அரசியல் திசை மாறியதில் அந்த இரண்டு இலைகளுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசே பொது விருந்து வைக்கிறது என்றால் அது சும்மா வந்ததில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். ஏறக்குறைய அதே சமயத்தில் ஈரோட்டு நகராட்சியில் பெரியார். பிற்பாடு அரசியலில் இருவரும் நேரெதிர். நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய 1944 மாநாடு நடந்ததும் இதே சேலத்தில்தான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் ஓட ஓட எதிர்த்தார். ஆனாலும் நட்பு அறுந்துபோகவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தள்ளாத வயதில் மயானம் வரை போய்க் கண்ணீர் விட்டார் பெரியார். இரண்டு பேரும் தங்கள் கருத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுத்தவர்கள் இல்லை. உங்கள் அப்பாவும் அண்ணனும் கருத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று அந்தச் சாப்பாட்டின் மேல் பாரத்தை ஏற்றாதீர்கள் அம்மா. மாறாமலே பேசிக்கொள்ள முடியும்.

உத்தமசோழபுரம் என்றதும் இன்னொன்று தோன்றியது. பாரி மகளிர் கல்யாணத்துக்கு அவ்வையார் சேர, சோழ, பாண்டியர் மூவரையும் அழைத்த இடம் என்று கரபுரநாதர் கோயிலில் கதை சொல்வார்கள். உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்கும்.

---

மிளகுக்கொடி (ஏற்காடு):

அக்கா, மரவள்ளி அண்ணன் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மலையில் எங்களுக்குத் தகராறு தண்ணீரும் குப்பையும். விடுதிக்காரர்களுக்கு டேங்கர் வேண்டும், கிராமத்தில் ஊற்று வற்றுகிறது, எஸ்டேட்காரர்களுக்கு அவர்கள் கவலை. மே மாதக் கோடை விழாவில் எல்லோருக்கும் வியாபாரம், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் பலித்தது சுற்றுச் சாப்பாடு. ஒரு முறை எஸ்டேட் கொட்டகையில், அடுத்த முறை மலையாளி என்கிற எங்கள் மலைப் பழங்குடி மக்களின் ஊரில், அப்புறம் விடுதிக்காரர் இடத்தில். யார் இடமோ அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதுதான் சாப்பாடு. ஊரில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். கை கழுவத் தண்ணீரை ஒரு சின்னப் பெண் குடத்தில் தூக்கி வந்து ஊற்றினாள். எங்கிருந்து எடுத்து வருகிறாய் என்று விடுதிக்காரர் கேட்டார். அவள் கையைக் காட்டிய சரிவைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதும் அவராகவே அங்கே இறங்கிப் போய் ஊற்றைப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் அவரிடம் மனு கொடுக்கவில்லை.

ஆடிச் சாப்பாட்டைத் தறிக்கூடத்தில் வையுங்கள். ஆனால் அன்றைக்கே அடுத்ததைத் தங்கை வீட்டுத் தோட்டத்தில் என்று நாள் குறித்துவிடுங்கள். அதற்கடுத்தது சாயப்பட்டறையில். ஒரே சாப்பாட்டில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவேண்டும் என்கிற நெருக்கடி அப்போது இருக்காது.

---

தார்க்குச்சி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். ராஜாஜி, பெரியார் விஷயத்தை மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். இடம் அண்ணனின் தறிக்கூடம். அன்று தறி ஓடாது. முதலில் அண்ணன் தயங்கினார், “அப்பா என் தறிக்கூடத்துக்குள் வருவாரா?” என்றார். விசைத்தறி போட்ட நாளிலிருந்து அப்பா அதற்குள் கால் வைத்ததில்லை. அப்பாவிடம் கேட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார், கூடவே, “அவன் தறியில் அச்சு எத்தனை என்று பார்க்கணும்” என்றார். நூல் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்வது அச்சுதான். சண்டைக்கான கேள்வியா, நெசவாளியின் கேள்வியா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அண்ணனிடம்தான் கேட்கப்போகிறார்.

பேச்சை நான் எடுக்கமாட்டேன். ரசம் வரும்போது அப்பா கேட்பார். தங்கை என் பக்கத்தில், வரிசையில் உட்காருவாள். அடுத்த சாப்பாடு அவள் தோட்டத்தில், புரட்டாசிக்குள். பெரியப்பா மகனிடம் இதைப் போனில் சொல்லவில்லை, பட்டறைக்கே போய்ச் சொன்னேன். “கிணற்றைக் காட்டத்தானே கூப்பிடுகிறாய்?” என்று நேராகவே கேட்டார். ஆமாம் அண்ணா, அதற்கும்தான், சாப்பிடவும்தான் என்றேன். அதற்குச் சரி என்றோ இல்லை என்றோ எதுவும் சொல்லவில்லை. ஆடிச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறேன் என்றார். இப்போதைக்கு இது போதும்.

பந்திவிசாரிப்பு அண்ணா, ஒரு சந்தேகம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாற்பது இலை விழும். அரிசி எவ்வளவு போடுவது? சாப்பிட்டதும் கலைந்து போய்விடாமல் கொஞ்சநேரம் இருக்கவைக்க என்ன வழி?

---

பந்திவிசாரிப்பு (குகை):

ஐந்து கிலோ புழுங்கலரிசி தாராளம் தங்கச்சி, பிள்ளைகளும் இருப்பதால் மிச்சம்கூட ஆகும். பருப்பு ஒன்றரைக் கிலோ. குழம்புக்குக் கத்திரிக்காய், முருங்கைக்காய் போதும், மூன்றாவது காய் வேண்டாம்.

சாயங்காலத்துக்குத் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைப்பது) போடுங்கள். வடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பீட்ரூட், கேரட் துருவுவதையும் வெங்காயம் நறுக்குவதையும் சாப்பாடு முடிந்த பிறகு தறிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், முதல்நாள் வேண்டாம். நான்கு துருவல் பலகையும் இரண்டு அரிவாள்மனையும் நான் கொண்டுவருகிறேன். பூண்டுக் காரச் சட்னி, புதினாச் சட்னி இரண்டையும் மட்டும் காலையிலேயே அரைத்து வைத்துவிடுங்கள்.